புதுச்சேரியில் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் கார் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 லிட்டர், டிஎஸ்ஜி எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பிளக், ஃபில்டர் எல்லாம் வீட்டு வாசலிலேயே நான் மாற்றிக்கொள்வேன். பார்ட்ஸ் எதையும் மாற்றாமல், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவில் பவரைக் கூட்டும் புது ஃபைலை எழுதுவதுதான் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப். அதற்கு மட்டும்தான் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம்.

கம்பெனி தருவது 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கடைக்காரர் 150-ம் 260-ம் வரும் என்றார். அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். அதைச் சொன்னால், “அதெல்லாம் பேப்பர்ல சார்” என்கிறார். 230-ஐத் தாண்ட வேண்டாம் என்றேன். தலையாட்டினார்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒயரை மாட்டி வேலையை ஆரம்பித்தார். பேட்டரிக்குச் சார்ஜர் கொடுக்கவில்லை. எழுதும்போது பாதியில் வோல்டேஜ் இறங்கினால் இசியூ செத்துவிடும். நான் சத்தம் போட்ட பிறகு பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வந்தார். ஒரிஜினல் ஃபைலின் காப்பி கேட்டுப் பென் டிரைவை நீட்டினேன். “எங்க சர்வர்ல பத்திரமா இருக்கும் சார்.” பில்லும் தரவில்லை.

வாங்கியது 22,000 ரூபாய். கூடவே ஒரு டைனோ (வண்டியை ஏற்றி ஓட்டி பவரை அளக்கும் மெஷின்) கிராஃப் தாள் கொடுத்தார். என் வண்டி எந்த டைனோவிலும் ஏறவே இல்லை! வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால், தாளின் மூலையில் பொடி எழுத்தில் காற்றின் வெப்பநிலை 11 டிகிரி என்றிருக்கிறது. மே மாதப் புதுச்சேரியில் 11 டிகிரி. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், காலாப்பட்டு தாண்டி ஈசிஆரில் மூன்றாம் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் சத்தம். ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் மாட்டி, ஓடும்போது இன்ஜின் காட்டும் அளவுகளைப் பதிவு செய்து லாக் எடுத்தேன். அழுத்தும்போதெல்லாம் இசியூ இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. நாக் சென்சார்தான் இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதையும் மீறிப் போனால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். பிறகு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். குளிர் நாட்டுக்காரர் யாரோ நாக்கிங்கை அதிகம் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை அப்படியே என் வண்டியில் ஏற்றியிருக்கிறார் என்பது என் கணிப்பு. நம் வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்றே கொதிக்கிறது, அது எப்படித் தாங்கும்?

“சர்வரில்” இருந்த ஒரிஜினல் வரவே இல்லை. சென்னையில் வேறொருவரிடம் கூடுதலாகச் செலவழித்து ஸ்டாக் (கம்பெனி) ஃபைலை எழுதி வாங்கினேன். நாக்கிங் நின்றது.

போடுவதென்றால், ஒரிஜினல் ஃபைல் கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள். முன்னும் பின்னும் லாக் எடுக்கச் சொல்லுங்கள். டைனோ தாளில் உங்கள் வண்டி நம்பர் இருக்கிறதா பாருங்கள். வாரண்டி போகும், இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஏமாந்திருந்தால், பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் இவற்றை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். நான் செய்திருக்கிறேன்.

அவர் போன் எடுப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பியதற்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பதில் வந்தது: “ஸ்டேஜ் 2 போட்டா சரியாயிடும் சார்.”