வளரிளம் பருவ மூளையும் வகுப்பறையும்: ஆசிரியர்களுக்கான ஓர் இணையவழிப் பயிற்சி – மதிப்புரை

பதின்பருவ மாணவர்களுக்குக் கற்பிப்போருக்காக வடிவமைக்கப்பட்ட இந்த இணையவழிப் பயிற்சியை முழுமையாக முடித்த பின்னரே இதை எழுதுகிறேன். ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டால், பணியில் இருக்கும் ஆசிரியர் எவரும் நேரம் ஒதுக்கிப் படிக்கத் தகுந்தது இது.

அடிப்படை அறிவியலை அளவோடு சொல்லியிருக்கிறார்கள். திட்டமிடுதல், விளைவை எண்ணிப் பார்த்தல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும், மூளையின் முன்பகுதியான பிரீஃப்ரான்டல் கார்டெக்ஸ் 20-களின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெகுமதியை நாடும் மூளை அமைப்புகளோ பருவமடைதலையொட்டியே கூர்மை பெற்றுவிடுகின்றன. இந்த இடைவெளியை உணர்ந்துகொண்ட ஆசிரியர், நீண்ட செயல்திட்டம் ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாணவருக்குப் பொறுப்பில்லை என்று கடிந்துகொள்ள மாட்டார். அதைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக் குறித்துக் கொடுப்பார்.

என்னை மிகவும் ஈர்த்தது சகமாணவர் பற்றிய பாடம். உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டீன்பர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டில் நண்பர்கள் உடனிருந்தபோது பதின்பருவத்தினர் கூடுதல் அபாயத்தைத் துணிந்து ஏற்றனர்; பெரியவர்களிடம் அந்த மாற்றம் ஏறத்தாழ இல்லை. இதை விளக்கிய கையோடு இரண்டு வகுப்பறைக் காணொலிகளைக் காட்டுகிறார்கள். முதலாவதில், ஆசிரியர் திடீரென ஒரு மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்கிறார். அவன் பின்வரிசையை ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை வரவழைக்கும் ஒரு பதிலைச் சொல்கிறான். அடுத்ததில், அதே கேள்விக்கு எல்லோரும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். பிறகு அதே மாணவன் தான் எழுதியதைத் தயக்கமின்றி வாசிக்கிறான். கண்டிப்பால் நடக்காததைக் கேள்வி கேட்கும் முறையே நடத்திக்காட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

உறக்கம் பற்றிய பாடம் சுருக்கமானது, ஆனால் பயனுள்ளது. உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் இவ்வயதில் இரவில் தாமதமாகச் சுரப்பதால், காலை முதல் பாடவேளையின் மந்தநிலையைச் சோம்பலாகக் கருதுவது அநீதி என்கிறார்கள். பள்ளி நேரத்தை ஆசிரியரால் மாற்ற இயலாது. கடினமான தேர்வை அந்த வேளையில் வைக்காமல் இருக்க இயலும்.

நான் தவிர்க்கச் சொல்வது ‘கற்றல் பாணிகள்’ பகுதியை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என மாணவரைப் பிரித்துக் கற்பிப்பதால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் பாஷ்லர் குழுவினரின் ஆய்வுரை 2008-லேயே கூறிவிட்டது. மூளை அறிவியலின் பெயரால் அதே கருத்து மீண்டும் ஆசிரியர்களிடம் சேர்க்கப்படுவது வருத்தம் அளிக்கிறது. மேலும், மூளைப் படங்கள் காட்டுவது குழுவின் சராசரியைத்தான், தனியொரு மாணவரின் திறனை அன்று என்னும் எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. அடுத்த பதிப்பில் அதை முதல் பாடத்துக்கே கொண்டுவர வேண்டும். இல்லையேல், ‘இவன் மூளை இன்னும் வளரவில்லை’ என்று ஒரு பிள்ளையைக் கைவிடுவதற்கும் இதே பயிற்சியைச் சாக்காகச் சொல்ல முடியும்.