400 வாட் காத்தாடி செட்டு: வாங்கலாமா? வேணாம் லா

மச்சான் ஆன்லைன்ல வாங்குன, காத்துல சுத்தி கரண்டு எடுக்கற காத்தாடி செட்டு, 24 வோல்ட், அஞ்சு இறக்கை. வயரிங் வேலை பாக்கறவன்கிறதால மாட்டிக் குடுத்தது நான். அஞ்சு ஸ்டாருக்கு ஒன்னுதான் குடுப்பேன், அதுவும் நட்டு போல்ட்டு துருப்பிடிக்காத சாமான்கிறதுக்காக.

பெட்டியில போட்டிருக்கற 400 வாட் பொய்யில்ல, ஆனா அது செகண்டுக்கு 12 மீட்டர் காத்து அடிச்சா. நம்ம சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தைல (இப்ப பெஸ்தாரி ஜெயா) சாதாரண நாள்ல 3 மீட்டர் வந்தாலே பெருசு, காத்து வேகம் பாதியா கொறஞ்சா கரண்டு எட்டுல ஒரு பங்காயிடும், அப்ப 12ல ரெண்டு தடவ பாதியான 3 மீட்டருக்கு கணக்கு போட்டா ஆறு வாட்டு தேறும், அதுக்கும் கீழ போனா சுத்துறதே சந்தேகம். ஒரு போன் சார்ஜ் ஏறலாம்.

கம்பம் செட்டோட வராது, தனியா பாத்துக்கணும். 150 மீட்டர் சுத்துல இருக்கற எதைவிடவும் 9 மீட்டர் ஒசரத்துல காத்தாடி நிக்கணும், வீட்டுக்குப் பின்னாலயே 12 மீட்டர் செம்பனை, அப்ப 20 மீட்டருக்கு மேல கம்பம், சிமெண்டு பேஸ், கம்பத்த இழுத்துக் கட்டற ஸ்டே வயர், இடிதாங்கி, இதுக்கெல்லாம் ஆகற காசு செட்டு வெலையத் தாண்டிடும். வேணாம்னேன், கேக்கல, ஜிங்க் கூரை மேலயே பைப்ப நிறுத்தச் சொல்லிட்டாரு. லேசா சுத்துனாலே அதிர்வு பைப்பு வழியா உத்திரத்துல எறங்கி, அக்கா ரூம்ல அலமாரி கண்ணாடி கிர்ருனு அதிரும். தூங்க முடியாது.

ஆபத்து வந்தது சுமத்ரா காத்துல. சுமத்ரா பக்கத்துலேர்ந்து விடியக்காலையில புயலாட்டம் அடிக்கும்ல, அதான். காத்தாடி கரண்ட பேட்டரிக்கு ஏத்தற கன்ட்ரோலர் கருகி பேட்டரி கட் ஆயிடுச்சு, கரண்ட இழுக்க லோடு இல்லாட்டி காத்தாடிய புடிச்சி நிறுத்த ஒன்னும் கெடையாது, வேகமும் வோல்டேஜும் ஏறிக்கிட்டே போகும். ஒரு இறக்கை பிச்சிக்கிட்டு பக்கத்து வீட்டு போர்ச்சு ஷீட்ட கிழிச்சிட்டு விழுந்துச்சு, நல்லவேளை யாரும் வெளிய இல்ல.

ஏற்கனவே மாட்டுனவங்களுக்கு: மேல ஏறி கை வைக்கறதுக்கு முன்ன கீழ வர்ற மூணு வயரையும் கன்ட்ரோலர்லேர்ந்து கழட்டுன கையோட ஒன்னா சேத்து ஷார்ட் பண்ணுங்க, அது காத்தாடிக்கு பிரேக் மாதிரி, ஆனா காத்து அடங்குனப்புறம் மட்டும், வேகமா சுத்துறப்ப பண்ணா காயில் போயிடும். அப்புறம் இறக்கைய கயித்துல கட்டுங்க. மேனுவல்ல இதெல்லாம் ஒரு வரி இல்ல.

மச்சான் இப்ப சோலார் பேனல் வெல கேட்டுக்கிட்டு இருக்காரு. வித்தவன்கிட்ட கேட்டதுக்கு புயல் காத்துல ஒடஞ்சா வாரண்டி இல்லையாம். உன் சாமான் ஓடுறதே அந்தக் காத்துலதானப்பா.