அப்பாரு காலத்துப் பிஸ்டலைப் பாலிஷ் போடக் கொடுக்கறதுக்கு முன்னால இதைப் படிங்க

ரொம்ப நாளா எழுதலாமா வேண்டாமான்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். எழுதினா என் தப்பும் சேர்ந்து வெளிய வரும். வரட்டும். கோபி, ஈரோடு, உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எத்தனையோ வீட்டுப் பீரோவுல லைசென்ஸோட ஒரு பழைய பிஸ்டலோ ரிவால்வரோ இருக்கு. அதைக் கொஞ்சம் பளபளப்பாக்கி வெச்சுக்கலாம்னு யாருக்காவது ஆசை வந்தா, எனக்கு நடந்தது அவங்களுக்கு நடக்கக் கூடாது.

எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருந்தார். அறுவடை சீசன்ல ராத்திரி நேரத்துல பணத்தோட ஊர் திரும்பணும். அதுக்காக 1950-கள்ல மெட்ராஸ்ல ஒரு கடையில லைசென்ஸ் எடுத்து வாங்கினது ஒரு வெப்ளி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல். இங்கிலாந்துல பர்மிங்காம்ல செஞ்சது, 1908 மாடல். 1911-ல லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸே தங்களுக்குன்னு எடுத்துக்கிட்ட துப்பாக்கி. மேகசின்ல 8 தோட்டா பிடிக்கும். மத்த பிஸ்டல்ல சுருள் ஸ்பிரிங் இருக்கற வேலைக்கு இதுல 'வி' மாதிரி மடிச்ச ஒரு பட்டை ஸ்பிரிங், வலது பக்கப் பிடிக்கு அடியில படுத்திருக்கும். பிஸ்டலோட மேல்பாகமா முன்னும் பின்னும் நகர்ற ஸ்லைடு பின்னால போனா, அதை மறுபடி முன்னால தள்றது அந்த ஒத்தை ஸ்பிரிங்தான். பிடி ரெண்டும் வல்கனைட், அதாவது கெட்டிப்படுத்தின ரப்பர். கருப்பா இருந்தது வெளிச்சம் பட்டுப் பட்டுக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. வலது பிடியில கீழ் மூலை கொஞ்சம் உடைஞ்சிருக்கும். மண்டிக் கல் தரையில ஒருக்கா விழுந்துட்டுதுன்னு அப்பாரு சொல்லுவார்.

அப்பாருக்கு அப்புறம் அப்பா பேருக்கு வந்தது. அப்பாவுக்கு 70 தாண்டினதும், 2016 ஆயுத விதிகள்ல வாரிசுக்கு மாத்திக்க வழி இருக்கறதால நான் என் பேருக்கு விண்ணப்பிச்சு வாங்கினேன். கைக்கு வந்தப்ப அதோட நிலைமை அவ்வளவு நல்லா இல்லை. தோல் உறைக்குள்ள வெச்சே வருஷக்கணக்கா பூட்டியிருந்தாங்க. தோல் பதம் பண்ற உப்பும், அது இழுத்து வெச்சுக்கற ஈரமும் இரும்பைத் தின்னுரும். இதை மட்டும் இன்னைக்கே செய்யுங்க: உறையை விட்டு எடுத்து, எண்ணெய் தொட்ட துணியில சுத்தித் தனியா வையுங்க. எங்க வீட்டுல தேங்காய் எண்ணெய் போடறதுதான் பழக்கம். மார்கழிக் காலையில பாட்டில்ல உறையற அதே எண்ணெய் பிஸ்டலுக்குள்ளயும் உறையும், அப்புறம் பிசின் மாதிரி பிடிச்சுக்கும். தையல் மிஷின் எண்ணெய் அதுக்கு எவ்வளவோ மேல்.

ஸ்லைடுல அங்கங்க துரு, நீலக் கருப்பு நிறம் வெளுத்துப் போயிருந்தது. அவ்வளவுதான் குறை. உள்ள எல்லாம் சரியாத்தான் இருந்தது. அப்படியே விட்டிருக்கணும்.

2023 மார்கழியில ஒரு சிநேகிதர் மூலமா கோயமுத்தூர்ல ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். லேத், கிரைண்டிங், பஃபிங் எல்லாம் வெச்சிருந்தார். கோயமுத்தூர்ல எதைக் கொடுத்தாலும் செஞ்சு தருவாங்கன்னு நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. பம்பு மோட்டார், மில்லு ஸ்பேரு, கிரைண்டர்னு பார்த்தா அது நியாயமான நம்பிக்கையும்தான். ஆனா அந்த நம்பிக்கையைத் துப்பாக்கிக்கும் நீட்டினது என் தப்பு.

"அண்ணா, எஸ்டேட்காரங்க எல்லாரும் நம்மகிட்டத்தானுங்க கொண்டாறாங்க. புதுசாட்டம் பண்ணித் தந்தர்றனுங்க. பிடிக்கு ஈட்டி மரம் போட்டுர்லாம். ட்ரிக்கரு கெட்டியா இருக்குதுங்ணா, கொஞ்சம் லேசாக்கி உட்டா பூவாட்டம் இழுக்கும்"னார். ஸ்பிரிங்கும் வயசாயிருச்சு, மாத்தோணும்னார். மொத்தம் 28,000 ரூபாய். 15,000 முன்பணமா வாங்கினார். பில் கேட்டதுக்கு, "வேலை முடியட்டுங்ணா, ஒண்ணாப் போட்டுக்கலாம்". துப்பாக்கி ரிப்பேர் பண்ண லைசென்ஸ் இருக்கான்னு நான் கேக்கவே இல்லை.

கிளம்பறப்ப, "நாலு தோட்டா குடுத்துட்டுப் போங்க, போட்டுப் பாக்கோணுமில்ல"ன்னார். அதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டேன். என் லைசென்ஸ்ல இருக்கற ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான்தான் கணக்குச் சொல்லணும். அன்னைக்கு அவர்கிட்ட நாலு தோட்டா கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நினைச்சாலும் கை சில்லிட்டுப் போகுது.

தைப் பொங்கல் முடிஞ்சு போய் வாங்கினேன். பார்க்க அழகா இருந்தது. கரிக் கருப்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு, செங்கருப்பு ஈட்டி மரப் பிடி. அப்பா கையில கொடுத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய பிடி எங்க சாமி?"ன்னு கேட்டார். உடைஞ்சு போச்சுன்னு அந்த ஆள் சொன்னதையே நானும் சொன்னேன். வேற ஒண்ணும் பேசாம திருப்பிக் கொடுத்துட்டார்.

மாசி பிறந்தப்ப எடுத்துப் பார்த்தா, ஸ்லைடு மேல ஒரு கட்டைவிரல் தடம். ரேகையோட, துரு நிறத்துல. வியர்வை பட்ட இடத்துல கருப்பு போயே போச்சு. சரியான முறையில நிறம் ஏத்தணும்னா, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி சுமாருக்குக் கொதிக்கற தொட்டியில முக்கி எடுக்கணும். அந்தக் கருப்பு இரும்போட தோலாவே மாறிடும். பழைய காலத்து வேலைன்னா, மெல்லத் துருப்பிடிக்க வெச்சு, வெந்நீர்ல கொதிக்க வெச்சு, துலக்கி, திரும்பத் திரும்பச் செய்வாங்க. நாள் கணக்காகற வேலை. இவர் போட்டது பாட்டில்ல வர்ற மருந்தைப் பஞ்சுல தொட்டுத் தேய்க்கற வேலை. சின்னக் கீறலுக்கு ஒட்டுப் போட மட்டும்தான் அது ஆகும். கொடுத்த அன்னைக்கே துப்பாக்கியில அழுகின மாதிரி ஒரு மருந்து வாடை அடிச்சது. புது வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.

அது வரைக்கும் காசு போச்சுங்கற வருத்தம் மட்டும்தான். 2024 மார்ச் 16 பாராளுமன்றத் தேர்தல் தேதி அறிவிச்சாங்க. எங்க ஊர்ல வழக்கம் போல லைசென்ஸ்காரங்க எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சோம். ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு நம்பரைச் சரி பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டு போனார். டார்ச் அடிச்சுச் சாய்ச்சுப் பார்த்தார். "இது மூணா, எட்டாங்க?"

புத்தகத்துல இருந்தது எட்டு. இரும்புல இருந்தது என்னன்னு யாராலயும் சொல்ல முடியலை. நாலாவது இலக்கம் தேஞ்சு குழிஞ்சு போயிருந்தது. பக்கத்து இலக்கங்களும் பாதிதான் தெரிஞ்சது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சது: ஓடற பஃப் சக்கரத்துல பிடிச்சு நம்பரோட சேர்த்து அழுத்தித் தேச்சிருக்கார். தெரிஞ்சவங்க சமதளத்தைக் கட்டையில எமரித்தாள் சுத்திக் கையாலதான் தேய்ப்பாங்க, எழுத்து இருக்கற இடத்தைத் தொடவே மாட்டாங்க.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். உட்கார வெச்சு, சட்டம் என்ன சொல்லுதுன்னு எடுத்துச் சொன்னார். 1959 ஆயுதச் சட்டம் 8-வது பிரிவுப்படி துப்பாக்கியில இருக்கற பேர், நம்பர், அடையாளத்தை அழிக்கறதே குற்றம். அழிஞ்ச நம்பரோட ஒரு துப்பாக்கி யார் கையில இருக்கோ, அவர்தான் அழிச்சார்னு சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு நாமதான் நிரூபிக்கணும். அடுத்ததா, 5-வது பிரிவு. துப்பாக்கியை ரிப்பேர் பண்றதுக்கே தனி லைசென்ஸ் வேணும். அது இருக்கான்னு பார்க்காம ஒருத்தர் கையில துப்பாக்கியைக் கொடுக்கறது 29-வது பிரிவுப்படி கொடுத்தவர் மேல வர்ற குற்றம். அதாவது பரம்பரையா ஒரு புகார் இல்லாம வெச்சிருந்த நான், ஒரு பாலிஷுக்காக ரெண்டு பிரிவுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை மறைக்காம எழுதிக் கொடுத்தேன். தேர்தல் முடிஞ்ச பின்னால, போலீஸ் அனுமதியோட, லைசென்ஸ் உள்ள ஒரு டீலர்கிட்ட சோதனைக்குப் போச்சு. அங்க இருந்த பெரியவருக்கு இதே தொழில்ல வயசு போயிருக்கு. முதல்ல மேகசினைக் கழட்டினார். தோட்டா போய் உட்கார்ற சேம்பர் காலியான்னு கண்ணால பார்த்து, சுண்டு விரலை விட்டும் பார்த்தார். அப்புறம் ஸ்லைடை முழுசாப் பின்னால இழுத்து விட்டார்.

ஸ்லைடு முன்னால போய் உட்கார்ந்தது. கூடவே ஹேமரும், அதாவது தோட்டாவை வெடிக்க வெக்கற அடியைக் கொடுக்கற சுத்தியும், டிக்குனு விழுந்தது. ட்ரிக்கர் பக்கம் யார் விரலும் இல்லை.

மறுபடி இழுத்தார். மறுபடி விழுந்தது. அஞ்சு தடவையில மூணு தடவை. "தம்பி, தோட்டா போட்டு இழுத்திருந்தீங்கன்னா, நீங்க சுடாமலே இது சுட்டிருக்கும்"னார். ஹேமரைப் பிடிச்சு நிறுத்தற அந்தச் சின்னப் பல்லுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினமா இருக்குமாம், உள்ள மெத்து இரும்பு. பூவாட்டம் இழுக்கறதுக்காக அந்தத் தோலை அரத்தால ராவி எடுத்திருக்கார். அப்பா கையில இதை ஆசையாக் கொடுத்தேனே, அது அப்பக் கண் முன்னால வந்தது.

வலது பிடியைக் கழட்டினார். ஸ்பிரிங் இருந்த இடத்துல ஏதோ ஒரு பட்டையை வளைச்சு வெச்சிருந்தது. வளைவுல சுத்தியல் தடம். ஈட்டி மரப் பிடிக்கு உள்பக்கம் போதுமான அளவு குடையாததால, அந்தப் பட்டை மரத்துல உரசி ஒரு கோடு விழுந்திருந்தது. அப்பாரு காலத்து ஸ்பிரிங், உண்மையிலேயே நல்லா இருந்த ஸ்பிரிங், காணோம். அது உடைஞ்சதாக் கூட அந்த ஆள் சொல்லலை. வெப்ளிக்கு உதிரி பாகம் இன்னைக்குக் கடையில லேசுல கிடைக்காது. அதனாலதான் ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் தனி விலை இருக்குன்னு பெரியவர் சொன்னார்.

அந்த ஆளைப் போய்க் கேட்டேன். முதல்ல, "நீங்க கொடுத்தப்பவே அப்படித்தானுங்க இருந்துச்சு"ன்னார். ரெண்டாவது தடவை போனப்ப என்னைத் தெரியாதுன்னுட்டார். பில் இல்லை, ரசீது இல்லை, கொடுக்கறதுக்கு முன்னால எடுத்த ஒரு போட்டோ கூட இல்லை. புகார் விசாரணையில இருக்கு, அதனால பேரோ தெருவோ இங்க எழுத முடியாது. தனியாக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என்னைக் காப்பாத்தினது அப்பாரு பத்திரமா மடிச்சு வெச்சிருந்த அந்த மெட்ராஸ் கடை பில். அதுல முழு நம்பரும் இருந்தது. அப்பா லைசென்ஸ் புத்தகத்துல இருந்த பழைய பதிவுகளும் அதோட பொருந்தினது. அப்புறம் தடய அறிவியல் சோதனை. எழுத்து அடிக்கறப்ப அடியில இருக்கற இரும்பும் அழுந்தி இறுகிடும், மேல தேச்சுட்டாலும் அந்தத் தடம் உள்ள நிக்கும். எட்டுன்னே ரிப்போர்ட் வந்தது. எல்லாம் முடிய ஏழு மாசம் ஆச்சு. எத்தனை நாள் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன்னு கணக்கு வெச்சுக்கலை.

உங்க துப்பாக்கிக்கு நிஜமாவே வேலை இருந்தா, கேக்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. ரிப்பேர் லைசென்ஸைக் காட்டுங்கன்னு கேளுங்க, கையில வாங்கிப் படிங்க, தேதி முடியலையான்னு பாருங்க. உங்க லைசென்ஸ் நம்பரையும் துப்பாக்கி நம்பரையும் அவங்க ரிஜிஸ்டர்ல ஏத்தினதைக் கண்ணால பார்த்து, அதே நம்பர் போட்ட ரசீதோட வெளிய வாங்க. கொடுக்கறதுக்கு முன்னால நம்பரை, முத்திரையை, பிடியோட ரெண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்துருங்க. கழட்டற பழைய பாகம் உடைஞ்சிருந்தாலும் திருப்பி வேணும்னு ரசீதுலயே எழுதச் சொல்லுங்க. ட்ரிக்கரை லேசாக்கறேன்னு யாராவது தானா வந்து சொன்னா, அந்த நிமிஷமே துப்பாக்கியை எடுத்துட்டு வந்துருங்க. பழசுக்கு நிறம் போறது ஒரு குறையே இல்லை. அப்பாரு கைபட்டுத் தேஞ்ச தேய்வை எந்தப் பாலிஷாலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது.

பிஸ்டல் இப்ப டீலர்கிட்டப் பாதுகாப்புல இருக்கு. ஸ்பிரிங் கிடைக்கற வரைக்கும் அதை யாரும் தொடப் போறதில்லை. எனக்கு வேண்டியது இன்னும் ஒண்ணு இருக்கு. காப்பிக்கொட்டை நிறத்துக்கு வெளுத்த, வலது கீழ் மூலை உடைஞ்ச ஒரு ஜோடி வெப்ளிப் பிடி நம்ம பக்கத்துல யார்கிட்டயாவது விலைக்கு வந்தா, தயவுசெஞ்சு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்ன விலையானாலும் கொடுத்து வாங்கிக்கறேன். அப்பா இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கார்.