சாய்ந்த மரம்: நிர்வாக நடுவரா, உரிமையியல் நீதிமன்றமா?

பெங்களூரு அல்சூரில், புதர்மண்டிய பக்கத்து மனையின் மரம் நம் மதில்மேல் சாய்ந்து, விழுந்தால் ஆட்களுக்குக் காயம் நேரும் என்ற நிலையில் நின்றால், 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரை (மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட அரசு அதிகாரியை) அணுகலாம். மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்கு அவர் நிபந்தனை ஆணை (செய்ய வேண்டும், இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்ற ஆணை) இடலாம். ஆனால், ஏற்கெனவே இடிந்த மதிலுக்கு இழப்பீடு அங்கே கிடைக்காது. அதற்கு உரிமையியல் வழக்கே வழி; நிரந்தரத் தடையாணையையும் அங்கேதான் கோர வேண்டும். உரிமையியல் வழக்கில் செலவும் வாய்தாக்களும் மிகுதி என்பதால், ஆபத்து உடனடியானதெனில் முதல் வழியையே நான் தேர்வேன். வேர் அடித்தளத்தைப் பிளந்திருந்தால் இரண்டாவதைத் தவிர்க்க இயலாது. தேதியிட்ட புகைப்படங்களும் பொறியாளரின் மதிப்பீடும் அப்போது கைகொடுக்கும். (கோபத்தில் நாமே கோடரி எடுத்துவிடக் கூடாது: 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பெரும்பாலான மரங்களை வெட்ட மர அலுவலரின் முன் அனுமதி தேவை.)