இலியோஸ்டமி பை: நான்கு வருட அனுபவம்

பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோய் மருந்துக்கு அடங்காததால் என் பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அதுதான் ஸ்டோமா. மலம் அதன் வழியாக வெளியே வந்து, மேலே ஒட்டிய பையில் சேரும். ஸ்டோமா உதட்டின் உட்புறம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும்; தொட்டால் வலிக்காது. நான்கு வருடமாகப் பையோடுதான் மாம்பலத்தில் மின்சார ரயிலேறி வேலைக்குப் போய் வருகிறேன்.

புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் எந்த பிராண்ட் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் ஃபிளேஞ்சில், அதாவது பையைத் தோலோடு பிடித்து வைக்கும் பசைத் தகட்டில், ஸ்டோமாவுக்காக வெட்டும் ஓட்டையைப் பற்றித்தான் பேசுவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவிலேயே மூன்று மாதம் வெட்டிக்கொண்டிருந்தேன். வீக்கம் வடிந்து, 6 முதல் 8 வாரத்தில் ஸ்டோமா சுருங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் அப்படியே இருக்கும். ஓட்டையின் இடைவெளியில் அது பட்டுப் பட்டு, சுற்றியிருந்த தோல் வெந்துபோனது. குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே உயிர் போகும். பிறகு பார்த்த ஸ்டோமா நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, கடைசியா எப்ப அளந்தீங்க?" நான் வெட்டிக்கொண்டிருந்தது 38 மில்லிமீட்டர், ஸ்டோமா 28 ஆகியிருந்தது. சுற்றிலும் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு 32-க்கு வெட்டித் தந்தார். பத்து நாளில் தோல் ஆறிவிட்டது.

சென்னை வெயில் தனிக் கதை. மற்ற மாதங்களில் நான்கு நாள் தாங்கும் ஃபிளேஞ்ச், அக்னி நட்சத்திரத்தில் இரண்டே நாளில் வியர்வையில் ஓரம் நெகிழ்ந்துவிடும். விடியற்காலையில், வெறும் வயிற்றில்தான் மாற்றுகிறேன். அப்போதுதான் ஸ்டோமா ஓய்ந்திருக்கும். ஃபேன் காற்றில் தோலை நன்றாகக் காயவிட்டு, ஃபிளேஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, கைச்சூடு ஏறியதும் ஒட்டுவேன். மாற்றுப் பைகளை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், பசை கெட்டுவிடும்.

முதல் கோடையில் வெறும் தண்ணீராகவே குடித்து, ஒருநாள் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தேன். பெருங்குடல் இல்லாதவர்களுக்கு நீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுகிறது. இப்போது ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர். பை தண்ணீராக நிறைந்தால் குழைந்த சாதமும் வாழைப்பழமும். தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம் இரண்டும் குடலில் அடைத்துக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டேன். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுவேன்; கனத்தால் ஃபிளேஞ்சை இழுக்கும்.

மாதம் ஒருமுறை அளவு அட்டையை எடுத்து ஸ்டோமா மேல் வைத்துப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன், 28-தான்.