சிங்கப்பூரா, ஹாங்காங்கா? மாநாட்டுக்கு எந்தத் துறைமுகம்?

ஆசியாவில் ஒரு துறைமுக நகரத்தில் மாநாடு நடத்தலாம் என்று பேச்சு எழுந்தால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பெயர்கள்தான். இரண்டு ஊரும் கப்பல் வியாபாரத்தில் வளர்ந்தவை, பெரிய கூட்டத்தைச் சமாளிப்பதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்கள் மாநாடு 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடியது. 2005 டிசம்பரில் அதே அமைப்பு ஹாங்காங்கில் கூடியது. உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் (ஐஎம்எஃப்) சேர்ந்து நடத்தும் ஆண்டுக் கூட்டம் 1997-ல் ஹாங்காங்குக்கும் 2006-ல் சிங்கப்பூருக்கும் போனது. அதனால் இவர்களால் முடியுமா என்று யோசிக்கவே வேண்டாம். நம் கூட்டத்துக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

அரங்கின் சதுர அடியை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாலை ஐந்து மணிக்கு அமர்வு முடிகிறது, கதவு திறக்கிறது. வந்தவர்கள் எங்கே போகிறார்கள்? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மேடையில் பேசாத விஷயங்களை அவர்கள் பேசிக்கொள்வது அப்புறம்தானே.

இந்த இடத்தில் ஹாங்காங் அசத்துகிறது. அதன் முதன்மையான மாநாட்டு மையம் வான்சாய் கரையில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நிற்கிறது. 1988-ல் திறந்தது, சிறகு விரித்த பறவை போன்ற கூரையுள்ள நீட்சிப் பகுதி 1997-ல் வந்தது. பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த விழா நடந்தது அங்கேதான். வாசலை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. பச்சையும் வெள்ளையும் பூசிய ஸ்டார் ஃபெர்ரி படகில் ஏறினால், இருக்கையின் முதுகுச் சட்டத்தை அப்படியே மறுபக்கம் தள்ளிவிட்டு, போகிற திசையைப் பார்த்து உட்காரலாம். இரண்டு வரிசைக்காரர்கள் எதிரெதிராகப் பேசவும் அதே சட்டம் உதவும். மறுகரை நெருங்கும்போது படகிலிருந்து வடம் பறக்கும், துறையில் நிற்பவர் நீளக் கொக்கியால் அதைப் பிடித்து இழுத்துக் கட்டுவார். கழுத்தில் அடையாள அட்டையோடு நாலு பேர் சேர்ந்து அதை வேடிக்கை பார்த்தாலே போதும், நாள் முழுக்க வராத பேச்சு வந்துவிடும். நகரமே கூட்டத்தை நடத்திக் கொடுக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சிங்கப்பூரில் அந்த வேலையைக் கட்டடங்கள் செய்கின்றன. 2010-ல் திறந்த மரினா பே சாண்ட்ஸில் அரங்கு, அறை, கடை, சாப்பாடு எல்லாம் ஒரே வளாகம். மழை வந்தாலும் குடை வேண்டாம். 1995-ல் வந்த சன்டெக் மாநாட்டு மையத்திலிருந்து நிலத்தடிக் கடைவீதி வழியாகவே சிட்டி ஹால் ரயில் நிலையம் வரை நடந்துவிடலாம். ஆயிரம் பேரை ஒருவர்கூடத் தொலையாமல் நகர்த்த வேண்டுமா, இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மரினா பே என்ற அந்த விரிகுடா இப்போது கடல் இல்லை. 2008-ல் அணை கட்டி அடைத்து, நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள். சரக்கு முனையங்களையும் மேற்கே துவாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமானால் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் உச்சிக்கு ஏற வேண்டும். ஒரு பக்கம் அசையாத தேக்கம், மறுபக்கம் நீரிணையில் நங்கூரமிட்டு வரிசையாகக் காத்துக் கிடக்கும் கப்பல்கள். முதல் நாள் மாலையே எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்விடுங்கள். வர்த்தகம் பேச வந்தவர்களுக்கு அதைவிட நல்ல வரவேற்புரை அமையாது.

விமான நிலையத்தை ஒட்டிய அரங்குகளும் இரண்டு ஊரிலும் உண்டு. சாங்கி விமான நிலையத்துக்கு அடுத்த ரயில் நிறுத்தத்தில் 1999-ல் திறந்த சிங்கப்பூர் எக்ஸ்போ. ஹாங்காங்கில் 2005-ல் திறந்த ஏசியாவேர்ல்ட் எக்ஸ்போ. பொருட்காட்சிக்குச் சரி. கூடிப் பேசும் கூட்டத்துக்கு வேண்டாம்: வந்து இறங்கி, உட்கார்ந்து, திரும்ப விமானம் ஏறியவருக்கு எந்த ஊருக்குப் போனோம் என்பதே நினைவில் நிற்காது. போக்குவரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஹாங்காங்கில் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு விரைவு ரயில் 24 நிமிடத்தில் சேர்த்துவிடும்.

வானிலையில் சிங்கப்பூர் கைதான் ஓங்கி இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புயல் பயம் இல்லை என்றே சொல்லலாம்; பிற்பகலில் ஒரு பெருமழை கொட்டி ஓயும், அவ்வளவுதான். ஹாங்காங்கில் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் சூறாவளி வரும். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகு நிற்கும், அலுவலகங்கள் மூடும், உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஒரு நாள் காணாமல் போகும். அங்கே போவதானால் நவம்பர், டிசம்பரில் போங்கள். காற்று உலர்ந்து, நடக்க இதமாக இருக்கும்.

அப்புறம் விசா. யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து இது தலைகீழாக மாறும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்கும். ஹாங்காங்குக்கு இணையத்தில் முன்பதிவு செய்து ஒப்புதல் கிடைத்தால் 14 நாள் வரை தங்கலாம். சீனாவிலிருந்து வருபவருக்கோ, 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூருக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதும். ஹாங்காங்குக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அழைப்பிதழ் அனுப்பும் முன் விருந்தினர் பட்டியலை நாடுவாரியாகப் பிரித்துப் பார்க்காதவர்கள் கடைசி வாரத்தில் அல்லாடுவார்கள்.

என்னைக் கேட்டால், இருநூறு பேருக்குள் அடங்கும் கூட்டம், வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் ஹாங்காங். அதற்கு மேல் போனாலோ, பல நாட்டுக்காரர்களும் வயதானவர்களும் கலந்து வந்தாலோ, சைவம், ஹலால் என்று பந்தி பலவிதமானாலோ சிங்கப்பூர்தான். தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் என்பது நமக்குத் தனி நிம்மதி.

தேதி குறிக்கும்போது மட்டும் கவனம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஹாங்காங்கில் மின்னணுப் பொருட்காட்சி. பக்கத்துச் சீன நகரமான குவாங்சோவில் கான்டன் சந்தை என்ற பெரிய வணிகக் கண்காட்சியும் அப்போதுதான், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் பந்தயம் மரினா பே தெருக்களிலேயே நடக்கும். அந்த வாரம் சன்டெக்கைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுவார்கள். அரங்குக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் பந்தயத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.