தெற்கே இறங்கி வரும் துருவ ஒளி: செல்போனா, கேமராவா?

அரோரா எனப்படும் துருவ ஒளியைப் படமெடுக்கக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து வானத்துக்கு எழுதப்பட்டவை. அங்கே ஒளி தலைக்கு மேலே, பச்சையாக, நொடிக்கு நொடி நெளியும். பெரிய சூரியப் புயலில் எப்போதாவது தெற்கே தெரியும்போது கதையே வேறு. 2024 மே 10 இரவு லடாக்கின் ஹன்லேயில் கேமராக்களில் பதிவானது ஒரு செம்மை, அவ்வளவுதான்.

காரணம் உயரம். பச்சை ஒளி பெரும்பாலும் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் உண்டாகிறது, சிவப்பு 200 கி.மீ.க்கும் மேலே. பூமி உருண்டை என்பதால், 100 கி.மீ. உயரத்தில் இருப்பது சுமார் 1,100 கி.மீ. தள்ளிப் போனாலே அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 400 கி.மீ. உயரத்தில் இருப்பதோ 2,200 கி.மீ. தள்ளியிருப்பவருக்கும் எட்டிப் பார்க்கும். ஆக, தெற்கே நிற்பவருக்கு வாய்ப்பது சிவப்பு. இருட்டில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத நிறமும் அதுதான்.

அதனால் செல்போனை மட்டமாக நினைக்க வேண்டாம். வடக்கே நீட்டி நைட் மோடில் 3 விநாடி எடுத்தால், கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தது திரையில் இளஞ்சிவப்பாக நிற்கும். அப்புறம் அதே மாதிரி தெற்கே ஒன்று எடுங்கள். அங்கேயும் அதே நிறம் என்றால் அது பெரும்பாலும் தெருவிளக்கு வெளிச்சம்; வீட்டுக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், செல்போன் பல படங்களை ஒட்டி, நாய்ஸ் எனப்படும் இருட்டுப் படத்தின் பொடிப் புள்ளிகளை வழித்துத் துடைக்கிறது. மங்கலான சிவப்பும் சேர்ந்து துடைபட்டுத் திட்டுத் திட்டாகிறது.

கேமராவின் 24 எம்.எம். எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 13 மி.மீ.; செல்போனில் ஏறக்குறைய 4 மி.மீ. தான். திறப்பு பெரிதானால் உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பச்சை ஒளி தரும் ஆக்சிஜன் அணு ஒரு நொடிக்குள் ஒளிர்ந்துவிடும். சிவப்பு தருவதற்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 2 நிமிடம் ஆகும். எனவே சிவப்பு மெதுவாகத்தான் மாறும். நார்வே போன்ற இடங்களில் 15 விநாடி ஷட்டர் திறந்தால் திரைச்சீலை போன்ற மடிப்புகள் கலங்கிவிடும். இங்கே இழப்பு குறைவு. முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, 15 விநாடி, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) என்று தாராளமாக எடுக்கலாம். செங்குத்துக் கதிர்கள் எழுந்தால் மட்டும் 5 விநாடிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சிவப்பைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். 4000 கெல்வினில் பூட்டிவிடுங்கள்.

லென்ஸில் எல்லோரும் 14 எம்.எம். தேடுகிறார்கள். முழு ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவைக் கிடைமட்டமாக வைத்தால் அது மேலும் கீழுமாக 81 டிகிரி பிடிக்கும். அடிவானத்தில் 10 டிகிரிக்குக் கிடக்கும் செம்மை அதில் ஒரு கரை மாதிரி ஆகிவிடும். 50 எம்.எம். பிடிப்பது 27 டிகிரி. ஒளி படத்தை நிறைக்கும். ஆனால் நட்சத்திரங்கள் கோடாகாமல் இருக்க 10 விநாடிக்குள் முடிக்க வேண்டும். நான் 24இல் நின்றுவிட்டேன்.

படத்துக்குக் கேமரா, வேவு பார்க்கச் செல்போன் என்பதே என் முடிவு. ஆனால் கேமராவில் ஒரு எரிச்சல் உண்டு. நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைக்காவிட்டால், 15 விநாடி எடுத்த பிறகு இன்னொரு 15 விநாடி ஷட்டர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான் அதை மறந்த இரவில் ஒரே ஒரு கதிர் எழுந்து மங்கியது. கேமரா திரையில் ‘பிஸி’ என்று இருந்தது. அந்தக் கதிர் பதிவானது செல்போனில்தான், திட்டுத் திட்டாக.